பூக்காத வருஷம்

கோத்தகிரியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் தோட்ட வேலைக்கு ஒரு அக்கா வருவார். ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில், கையில் கூடையோடு பாத்தி ஓரமாக நின்றுகொண்டு கேட்டார்: "சார், இது என்ன கீரைங்க? தளதளன்னு இருக்கே, கொஞ்சம் பறிச்சுக்கட்டுமா?"

எனக்கு ஒரு நிமிஷம் வயிற்றைக் கலக்கிவிட்டது. அவர் கை வைக்கப் போனது ஃபாக்ஸ்குளோவ் செடி. நாலு இலை குழம்புக்குள் போனால் வாந்தி, தலைசுற்றல், அதற்கப்புறம் இதயத் துடிப்பே தாறுமாறாகப் போய்விடும். "அக்கா, தொடாதீங்க. அது விஷம். பூச்செடி" என்றேன். "பூச்செடியா? பூவையே காணோமே?" "அடுத்த வருஷம்தான் பூக்கும்க்கா." அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "விஷமும் வேற, பூக்க ஒரு வருஷமும் வேற. இதை எதுக்குங்க வெச்சு வளக்குறீங்க?"

அன்றைக்கு நான் சொன்ன பதில் அவருக்குத் திருப்தியாக இல்லை. எனக்கும்தான். இந்தப் பதிவு அந்தப் பதிலின் நீண்ட வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடத் தாவரவியலில் ஒருபருவத் தாவரம், இருபருவத் தாவரம், பல்பருவத் தாவரம் என்று மூன்றாகப் பிரித்துப் படித்திருப்போம். நடுவில் இருப்பதுதான் நமக்குப் பழக்கமில்லாதது. உண்மையில் தினமும் சாப்பிடுகிறோம், கவனித்ததில்லை. ஊட்டி கேரட் இருபருவத் தாவரம். முட்டைக்கோஸும் அப்படித்தான். முதல் பருவத்தில் சேர்த்துவைக்கிற சாப்பாட்டை நாம் பிடுங்கித் தின்றுவிடுவதால் அதன் பூவை நாம் பார்ப்பதே இல்லை. ஃபாக்ஸ்குளோவும் அந்த ஜாதிதான். முதல் வருஷம் தரையோடு தரையாக ஒரு வட்டமான இலைக்கொத்து, அவ்வளவுதான். ஒரு குளிர்காலத்தைத் தாண்டிய பிறகு நடுவிலிருந்து ஒரே ஒரு தண்டு கிளம்பி, ஆள் உயரத்துக்கும் மேலே கூடப் போகும். அதில் ஒரே பக்கமாகத் தொங்குகிற ஊதா மணிகள், உள்ளே புள்ளி புள்ளியாக. கீழே இருப்பது முதலில் மலரும், நுனி கடைசியில். விதை பிடித்ததும் செடி பெரும்பாலும் செத்துப்போகும்.

ஐரோப்பாவின் காட்டுச் செடி இது. மரம் வெட்டின இடம், வேலி ஓரம், சரிவான கரை, இப்படிக் கொஞ்சம் நிழலும் புளிப்பு மண்ணும் உள்ள இடங்களில் தானாக வரும். நீலகிரிக்கு வெள்ளைக்காரர்களின் தோட்டங்கள் வழியாக வந்தது. தமிழில் புழக்கத்தில் பெயர் எதுவும் இல்லை. லத்தீன் பெயர் டிஜிட்டாலிஸ். அந்தப் பெயரை வைத்தவர் 1542-ல் பெரிய மூலிகை நூல் ஒன்றை வெளியிட்ட ஜெர்மன் மருத்துவர் லியோன்ஹார்ட் ஃபுக்ஸ். ஜெர்மானியர்கள் அந்தப் பூவை 'விரல் தொப்பி' என்று பொருள்படும் சொல்லால், அதாவது தையற்காரர் விரலில் மாட்டிக்கொள்கிற உலோகக் குப்பியின் பெயரால், அழைத்தார்கள். அதை அவர் லத்தீனாக்கினார். பூவை ஒரு தடவை விரலில் மாட்டிப் பார்த்தால் பெயர்க் காரணம் புரிந்துவிடும். (பிறகு கையைக் கழுவுங்கள்.)

டிஜிட்டாலிஸ் என்ற சொல்லை நான் முதலில் பார்த்தது தாவரவியல் புத்தகத்தில் இல்லை, அம்மாவின் மாத்திரை அட்டையில். அதில் டிஜாக்சின் என்று இருக்கும். சின்ன வயசில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதய வால்வைக் கெடுத்துவிட்டதில், ஐம்பது வயதுக்குமேல் அம்மாவுக்குத் துடிப்பு சீராக இல்லாமல் போனது. கோயம்புத்தூர் டாக்டர் 0.25 மில்லிகிராம் மாத்திரை எழுதிக் கொடுத்தார். திங்கள் முதல் வெள்ளி வரை ஒன்று, சனி ஞாயிறு கிடையாது. "மாத்திரைக்கும் லீவு விடுறாங்க பாரு" என்று அம்மா சிரிப்பாள். நம்ம ஊரில் பல டாக்டர்கள் இப்படித்தான் எழுதுவார்கள். உடம்பில் மருந்து சேர்ந்துகொண்டே போகாமல் இருக்க ஒரு வழி. ஒரு வெயில்காலத்தில் அம்மாவுக்குச் சாப்பாட்டைக் கண்டாலே குமட்டல். நாங்கள் பித்தம் என்று நினைத்து இஞ்சிச் சாறு கொடுத்துக்கொண்டிருந்தோம். டாக்டர் ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு, சிறுநீரகம் மருந்தைச் சரியாக வெளியேற்றவில்லை, அளவு ஏறிவிட்டது என்று சொல்லி ஒரு வாரம் நிறுத்தினார். சரியாகிவிட்டது. இந்த மருந்தில் குணமாக்குகிற அளவுக்கும் கெடுக்கிற அளவுக்கும் நடுவே இருக்கிற இடைவெளி அவ்வளவு ஒல்லி.

அந்த ஒல்லியான இடைவெளியை முதன்முதலில் அளந்து பார்த்தவர் வில்லியம் விதரிங். 1741-ல் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் பிறந்தவர். எடின்பரோவில் மருத்துவம் படித்தபோது அவருக்குத் தாவரவியலைக் கண்டாலே பிடிக்காதாம். வீட்டுக்கு அப்படிக் கடிதம் எழுதியிருக்கிறார். படித்து முடித்து ஸ்டாஃபர்டில் தொழில் பார்க்கையில் ஹெலனா குக்ஸ் என்ற பெண் நோயாளியாக வந்தார். பூக்களை வரைகிறவர். அவர் வரைவதற்காக இவர் செடி தேடி அலைய ஆரம்பித்தார். 1772-ல் கல்யாணம், 1776-ல் பிரிட்டனின் தாவரங்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பெரிய நூல். தாவரவியல் எப்படிப் பிடித்துப்போனது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

1775-ல் அவரிடம் ஒரு குடும்ப வைத்தியக் குறிப்பைப் பற்றி அபிப்பிராயம் கேட்கிறார்கள். நீர்வீக்கத்துக்கான மருந்து. கால் வீங்கி, வயிறு உப்பி, படுத்தால் மூச்சு முட்டுகிற நோய். ஷ்ராப்ஷயரில் ஒரு கிழவி ரகசியமாக வைத்திருந்த குறிப்பு அது. படித்த மருத்துவர்கள் கைவிட்டவர்கள் சிலர் அவளிடம் போய்க் குணமாகியிருக்கிறார்கள், ஆனால் மருந்து குடித்தால் பயங்கரமான வாந்தியும் பேதியும். இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகள் அதில். அந்த இருபதில் வேலை செய்வது ஃபாக்ஸ்குளோவ்தான் என்று கண்டுபிடிப்பது விதரிங்குக்கு ஒன்றும் கஷ்டமாக இல்லை.

இங்கே ஒரு சின்ன வழக்கு இருக்கு. இணையத்தில் தேடினால் அந்தக் கிழவிக்கு 'மதர் ஹட்டன்' என்று பெயர் போட்டு, அவள் மூலிகையை நீட்ட, விதரிங் வாங்கிக்கொள்கிற மாதிரி ஓவியத்தோடு கட்டுரைகள் வரும். அந்தப் பெயர் விதரிங்கின் புத்தகத்தில் எங்கேயும் கிடையாது. 1928-ல் பார்க்-டேவிஸ் என்ற அமெரிக்க மருந்துக் கம்பெனியின் விளம்பரத்தில் வந்தது அது. பிறகு ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதி, மருத்துவ வரலாற்றுப் புத்தகங்களுக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டது. விதரிங் அவளைச் சந்தித்ததாகக்கூடச் சொல்லவில்லை, குறிப்பைத்தான் பார்த்திருக்கிறார். பெயர் தெரியாத ஒருத்தியின் அறிவு அந்த மருந்துக்கு அடியில் இருக்கிறது என்பது உண்மை. அவளுக்குப் பொய்யாக ஒரு பெயர் வைப்பது மரியாதை செய்வதாக எனக்குப் படவில்லை.

ஆனால் என் விஷயம் கிழவி இல்லை. கிழவியிடமிருந்து செடியின் பெயர் கிடைத்துவிட்டது. அதற்கப்புறம் பத்து வருஷம் விதரிங் என்ன செய்துகொண்டிருந்தார்?

ஆரம்பத்தில் தப்புதான் செய்தார். தினமும் ஒரு மணி நேரம் ஏழைகளுக்கு இலவச வைத்தியம் பார்ப்பார். வருஷத்துக்கு இரண்டாயிரம் மூவாயிரம் பேர். அவர்களுக்கு இலைக் கஷாயம் கொடுத்துப் பார்த்தார். அளவு ரொம்ப அதிகம் என்று பின்னால் அவரே ஒப்புக்கொள்கிறார். (பணக்காரர்களிடம் சோதிப்பதற்கு முன் ஏழைகளிடம் சோதித்தார் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.) ஒருமுறை வேலை செய்த அளவு இன்னொருமுறை ஆளையே வீழ்த்தியது. ஒரே செடி, ஒரே எடை, ஆனால் ஒரே மருந்து இல்லை.

அப்போது ஒரு தகவல் வருகிறது. ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு கல்லூரித் தலைவருக்கு மார்பில் நீர் கோத்து, பெரிய பெரிய டாக்டர்களெல்லாம் கைவிட்ட பிறகு, ஃபாக்ஸ்குளோவின் வேரைக் கொடுத்துக் குணமாகியிருக்கிறது. வேறு யாராக இருந்தாலும் உடனே வேருக்குத் தாவியிருப்பார்கள். விதரிங் தாவவில்லை. இருபருவத் தாவரத்தின் வேரை நம்ப முடியாது என்று ஒதுக்கிவிட்டார். இந்த இடத்தைப் படித்தபோதுதான் எனக்கு அவர் மேல் ஒரு பிடிப்பு வந்தது. கேரட் போட்டவர்களுக்குச் சட்டென்று புரியும். முதல் வருஷக் கடைசியில் பிடுங்கினால் வேரில் சேமிப்பெல்லாம் இருக்கும். பூத்த பிறகு பிடுங்கினால் கட்டைதான் மிஞ்சும். ஒரே செடியின் வேர், ஆனால் எப்போது தோண்டினோம் என்பதைப் பொறுத்து வேறு வேறு பொருள்.

இலைக்கும் அந்தச் சிக்கல் உண்டு, மாசத்துக்கு மாசம் வீரியம் மாறுகிறது என்று கண்டார். ஆனால் இலையில் ஒரு வசதி இருந்தது. செடியே நாள் குறித்துக் கொடுக்கும். தண்டு கிளம்பி, பூ விரியத் தொடங்குகிற நேரத்தில் மட்டும் இலையைப் பறிப்பது என்று முடிவு செய்தார். நாட்காட்டியைப் பார்த்து இல்லை. ஒரு வருஷம் வெயில் முந்தும், ஒரு வருஷம் பிந்தும். செடியின் நிலையைப் பார்த்து. காம்பையும் நடுநரம்பையும் நீக்கிவிட்டு, வெயிலிலோ நெருப்பின் முன் தகரத் தட்டிலோ காயவைத்து, பொடித்து வைப்பார். பச்சை இலையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் பொடி தேறும் என்பதுவரை எழுதிவைத்திருக்கிறார். கஷாயத்தில் கொதிக்கக் கொதிக்க வீரியம் போகிறது என்று அதையும் விட்டார். கடைசியில் வந்து நின்ற அளவு, பெரியவர்களுக்கு ஒன்று முதல் மூன்று கிரெய்ன் பொடி, நாளைக்கு இரண்டு வேளை. ஒரு கிரெய்ன் என்பது சுமார் 65 மில்லிகிராம். கிழவியின் கைப்பிடிக் கணக்கிலிருந்து அரிசிமணிக் கணக்குக்கு வந்துவிட்டார்.

1785-ல் வந்த அவர் புத்தகத்தின் தலைப்பே ஃபாக்ஸ்குளோவும் அதன் சில மருத்துவப் பயன்களும் பற்றியதுதான். முகப்பில் செடியின் வண்ணப்படம். உள்ளே 150-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் கதை, செத்தவர்கள், குணமாகாதவர்கள், தான் அளவு தப்பிக் கொடுத்தவர்கள் எல்லோரையும் சேர்த்து. நல்லது நடந்ததை மட்டும் பொறுக்கிப் போட்டிருந்தால் மருந்துக்குப் பெயர் கிடைத்திருக்கும், உண்மை கிடைத்திருக்காது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. கூடவே ஒரு விதி: சிறுநீர் பிரிய ஆரம்பித்தாலோ, குமட்டினாலோ, நாடி தளர்ந்தாலோ, வயிறு இளகினாலோ, இந்த நாலில் எது முதலில் வந்தாலும் அந்தக் கணத்திலேயே மருந்தை நிறுத்து. அம்மாவின் டாக்டர் அந்த வெயில்காலத்தில் செய்தது இதைத்தான். நாங்கள் இஞ்சிச் சாறு கொடுத்துக்கொண்டிருந்தோம்.

மருந்து சிறுநீரைத்தான் தூண்டுகிறது என்று விதரிங் பெரும்பாலும் நினைத்தார். ஆனாலும் இதயத்தின் ஓட்டத்தின் மேல் இதற்கு இருக்கிற பிடி வேறு எந்த மருந்திலும் பார்க்காத அளவு என்று ஒரு இடத்தில் குறித்துவைத்தார். அதுதான் சரி. வீக்கம் வடிந்தது இதயம் சரியாக வேலை செய்ததால்.

நடுவில் ஒரு மனக்கசப்பும் உண்டு. அவரை பர்மிங்ஹாமுக்கு வரச் சொன்னதே எராஸ்மஸ் டார்வின், பரிணாமக் கொள்கை சார்லஸ் டார்வினின் தாத்தா. அதே டார்வின் 1780-ல், இறந்துபோன தன் மகனின் ஆய்வேட்டை அச்சிடும்போது பின்னிணைப்பாக ஃபாக்ஸ்குளோவ் நோயாளிகள் சிலரின் விவரத்தைச் சேர்த்தார். விதரிங் பெயர் அதில் இல்லை. மகனை இழந்தவரிடம் சண்டை போடுவது எப்படி? விதரிங்கின் கோபம் நெடுநாள் உள்ளேயே கனன்றது. முந்தினவர் யார் என்கிற இந்தப் பஞ்சாயத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் விட்டுவிடுகிறேன்.

இப்போது என் பாத்திக்கு வருகிறேன். விதை மூக்குப்பொடி மாதிரி இருக்கும். தும்மினால் போச்சு. மணலில் கலந்து ஆனி மாசம் தொட்டியில் தூவினேன். மண்ணைப் போட்டு மூடக் கூடாது, முளைக்க வெளிச்சம் வேண்டும். இது தெரியாமல் முதல் தடவை மூடிவிட்டு ஒரு மாசம் காலித் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். மேலே ஊற்றினால் விதை ஓடிவிடும் என்பதால் தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் வைத்துக் கீழிருந்து உறிஞ்சவிட வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் பச்சைப் புழுதி மாதிரி முளை தெரியும். நாலு இலை வந்ததும் பிரித்து, இலைமக்கு கலந்த மண்ணில், காலை வெயில் மட்டும் படுகிற இடத்தில் ஓர் அடிக்கு மேல் இடைவெளி விட்டு நட்டேன். ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கின பக்கத்தில் ஏழு செடி குருத்து அழுகிப் போயின. மேட்டில் இருந்தவை தப்பின.

இரண்டு வருஷம் என்று சொல்லிக்கொள்கிறோமே தவிர, கணக்குப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு மாசம்தான். செடி எண்ணுவது வருஷத்தை இல்லை, குளிரை. மார்கழி தைக் குளிர் ஒன்று அதன் மேல் போனால்தான் தண்டு கிளம்பும். முதல் வருஷமே பூக்கிற 'ஃபாக்ஸி' என்ற ரகமும் கடையில் கிடைக்கிறது. நான் வாங்கவில்லை.

பூக்காத அந்த மாசங்களில் செடியில் பார்க்க ஒன்றும் இல்லை என்றுதான் நானும் நினைத்தேன். அப்படி இல்லை. இலைக்காம்பைத் திருப்பிப் பாருங்கள். ஊதா சாயம் ஓடியிருந்தால் ஊதாப் பூ. சுத்தப் பச்சையாக இருந்தால் வெள்ளைப் பூவாக இருக்க வாய்ப்பு அதிகம். வெள்ளைப் பூ மட்டும் வேண்டும் என்கிறவர்கள் பூக்கும் முன்பே இப்படித்தான் களைந்துவிடுவார்கள். எனக்குப் பதினான்கில் மூன்று பச்சைக் காம்பு. மூன்றும் வெள்ளையாகவே பூத்தன. சித்திரையில் பூ வந்தபோது வண்டுகள் கீழ்ப் பூவில் நுழைந்து மேலே மேலே ஏறிப் போகும். கீழ்ப் பூக்கள் மூத்தவை, சூலகம் தயாராக இருக்கும். மேலே இருப்பவற்றில்தான் மகரந்தம். நுனியில் மகரந்தத்தைப் பூசிக்கொண்டு அடுத்த செடியின் அடியில் போய் ஆரம்பிக்கும். செடி போட்ட வழியில் வண்டு நடக்கிறது.

வருஷா வருஷம் பூ வேண்டுமென்றால் அடுத்தடுத்த இரண்டு வருஷம் விதைக்க வேண்டும். அப்போதுதான் ஒரு கூட்டம் பூக்கையில் இன்னொரு கூட்டம் தரையில் காத்திருக்கும். பெரிய தண்டை விதை பிடிக்கும் முன் வெட்டிவிட்டால் பக்கக் கிளைகளில் சின்னதாக இன்னொரு தடவை பூக்கும், சில செடி மூன்றாம் வருஷமும் பிழைக்கும்.

விதரிங்குக்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அவர் சொன்ன 'ஒரே நிலையில் பறி' என்பதை அடுத்த நூற்றாண்டில் மருந்து நூல்கள் 'இரண்டாம் வருஷ இலைதான் உசத்தி' என்று மாற்றிப் புரிந்துகொண்டன. இரண்டாம் வருஷச் செடி, பூக்கும் காலம் என்று சட்டமே போட்டார்கள். பிறகு சோதித்துப் பார்த்தால் முதல் வருஷ இலையிலும் சத்துக்குக் குறைவில்லை. விதரிங் உசத்தி என்று சொல்லவே இல்லையே, மாறாமல் இருக்கும் என்றுதானே சொன்னார். அளவை உறுதி செய்ய 1910 வாக்கில் பூனைகளைக் கொன்று 'பூனை அலகு' என்று ஒன்றைக்கூட வைத்தார்கள். இரண்டாம் உலகப்போரில் மருந்து இறக்குமதி நின்றபோது, பிரிட்டனில் கவுண்டி மூலிகைக் குழுக்கள் அமைத்து, பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் வேலியோர ஃபாக்ஸ்குளோவ் இலையைக் கோணி கோணியாகப் பறித்தார்கள். வான்கோ 1890-ல் வரைந்த டாக்டர் காஷேயின் ஓவியத்தில் மேஜைமேல் இருப்பதும் இந்தச் செடிதான். அவர் மஞ்சளுக்கு இந்த மருந்துதான் காரணம் என்பதெல்லாம் சாட்சி இல்லாத பேச்சு.

டிஜாக்சினை 1930-ல் பிரித்தெடுத்தவர் சிட்னி ஸ்மித். ஊதா ஃபாக்ஸ்குளோவிலிருந்து இல்லை, அதன் உறவுக்காரச் செடியான டிஜிட்டாலிஸ் லனாட்டாவிலிருந்து. இன்றைக்கும் இந்த மருந்தை ஆலையில் மூலப்பொருள்களிலிருந்து கட்டியெழுப்புவது கட்டுப்படியாகாது, வயலில் விளைவித்துத்தான் எடுக்கிறார்கள். 1997-ல் 6,800 பேரிடம் நடந்த பெரிய ஆய்வு ஒன்று, இதயச் செயலிழப்பில் இந்த மருந்து ஆயுளைக் கூட்டவில்லை, ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போவதைக் குறைக்கிறது என்று சொன்னது. அதற்கப்புறம் எழுதிக் கொடுப்பது குறைந்துவிட்டது. அம்மா பதினோரு வருஷம் சாப்பிட்டாள். படி ஏறி மொட்டை மாடியில் வடாம் காயப்போட்டாள்.

அந்த லனாட்டா வயல்களில் பூ வரும்வரை யாரும் காத்திருப்பதில்லை. முதல் வருஷ இலைக்கொத்தாக இருக்கும்போதே அறுத்து உலர்த்திவிடுகிறார்கள். அக்கா கேட்டதற்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இது என்று பின்னால் தோன்றியது. எங்கம்மா சாப்பிட்ட மாத்திரை பூக்காத வருஷத்துச் செடியிலிருந்து வந்ததுக்கா.

அடுத்த சித்திரையில் அவரைக் கூப்பிட்டுப் பூவைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அழகாத்தான் இருக்கு. ஆனா என் பேத்தி இங்க வர்றப்ப ஒரு வேலி போடுங்க சார்" என்றார். மூங்கில் தட்டியை அவரே கட்டிக் கொடுத்தார். ஆவணியில் காய் வெடிக்கும் முன் தண்டை அறுத்து, காகிதப் பையில் தலைகீழாகத் தொங்கவிட்டு விதை எடுத்தோம். பையின் மேல் பெரிய எழுத்தில் 'கீரை இல்லை' என்று எழுதியிருக்கிறேன்.